வாசகர் கேள்வி – பதில்: மேல்நிலையில் புவியியல்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் புவியியல் உள்ள கலைப் பிரிவில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை பார்க்கிறார். ‘அது வெறும் மனப்பாடப் பாடம், படித்தால் வேலையும் கிடைக்காது’ என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் என்ன முடிவெடுப்பது?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: சேரட்டும், அம்மா. விரும்பிக் கேட்கிற பாடத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஆனால் சேர்க்கும் முன்பு சில செய்திகளை நீங்களும் அவளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்த மனப்பாடக் குற்றச்சாட்டு. தலைநகரங்களையும் ஆறுகளின் நீளத்தையும் ஒப்பிப்பதுதான் புவியியல் என்ற எண்ணம் கீழ்வகுப்புகளில் படிந்துபோன ஒன்று. மேல்நிலையில் கேட்கப்படுவது ‘எங்கே’ என்பதோடு நிற்பதில்லை; ‘ஏன் அங்கே’ என்பதே அங்கு முக்கியமான கேள்வி. உங்கள் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். குலசேகரத்தில் ரப்பர் வளர்கிறது. அதே மாவட்டத்தில், பேருந்திலேயே போய்விடக்கூடிய ஆரல்வாய்மொழியில் ரப்பர் தோட்டம் இல்லை. ஏன்? ரப்பருக்கு ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் மழை வேண்டும், ஈரக்காற்று வேண்டும், வேரில் நீர் தேங்காத சரிவு நிலம் வேண்டும். மலையடிவாரமான உங்கள் பக்கத்தில் இவை மூன்றும் உண்டு. கணவாய்க் காற்று வீசுகிற வறண்ட கிழக்குப் பக்கத்தில் இவை இல்லை. இனி உங்கள் கணவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: விடியும் முன்பே எழுந்து ஏன் பால் வெட்டப் போகிறார்? வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும் என்று அவர் சொல்வார். குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் தாராளமாக வடிகிறது என்பதுதான் அதன் காரணம். காலநிலை, மண், பயிர், மனித உழைப்பு ஆகிய நான்கையும் பாடநூல் தனித்தனிப் பாடங்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. உங்கள் மகளோ அவற்றை ஒரே தோட்டத்தில் சேர்த்துப் பார்த்து வளர்ந்தவள். அவள் பிடிவாதத்துக்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது, செய்முறை. கலைப் பிரிவில் இருந்தாலும் புவியியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30 மதிப்பெண். வரைபட அளவை, உருண்டைப் பூமியைத் தாளில் விரித்துக்காட்டும் வரைபடக் கோட்டுச் சட்டம், காலநிலை வரைபடம், நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் நிலத்தோற்றப் படம் என்று பென்சிலும் அளவுகோலும் கையுமாக உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை அது. எல்லாப் பள்ளிகளிலும் புவியியல் பிரிவு இருப்பதில்லை. ஆகவே, பிரிவு இருக்கிறதா, பாடத்துக்கென்று தனி ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறை வகுப்பு வாரந்தோறும் முறையாக நடக்கிறதா என்று நேரில் போய்க் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வேலை பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரிகளில் உள்ள புவித் தகவலியல் (நிலத் தகவல்களைக் கணினியில் கையாளும் படிப்பு) பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். கலைப் பிரிவில் சேர்ந்தால் அந்தக் கதவு மூடிவிடும். அவளுக்கு அந்த ஆசை இருந்தால் இப்போதே யோசிக்கட்டும். மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன. இளநிலைப் புவியியல் பட்டம் முடித்தபின், முதுநிலையில் புவித் தகவலியலையோ தொலையுணர்வையோ எடுத்துச் செயற்கைக்கோள் படங்களோடும் கணினி வரைபடங்களோடும் வேலை செய்யப் போகலாம். ஆசிரியர் கல்வி முடித்துப் பள்ளியில் கற்பிக்கலாம். அரசுப் பணித் தேர்வுகளின் பொது அறிவுத் தாளில் புவியியல் தவறாமல் வருகிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்விலோ அதை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள்களுக்குமாக 500 மதிப்பெண். வணிகவியல் இருக்கிற அளவுக்குப் புவியியல் பட்டப்படிப்பு எல்லாக் கல்லூரிகளிலும் கிடையாது. வெளியூரில் தங்கிப் படிக்க நேரலாம் என்பதையும் செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் புவியியல் படிக்கிறேன். சம உயரக் கோடுகளைப் பார்த்துக் குறுக்கு வெட்டுமுகம் வரையும்போது மலையும் பள்ளத்தாக்கும் எனக்கு மாறிப்போகின்றன. எப்படிச் சரிசெய்வது?
– ஒரு மாணவர், குளச்சல்

பதில்: தம்பி, இந்தத் தடுமாற்றம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. பல ஆண்டுகள் இதே பாடத்தை நடத்திய நான் பார்த்தவரை, தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நேர்கிறது. சம உயரக் கோடு என்பது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு. மாணவர்கள் கோடுகளின் வடிவத்தைப் பார்க்கிறார்கள், கோட்டின்மேல் எழுதியுள்ள உயர எண்ணைப் பார்ப்பதில்லை. மலைநீட்சியும் பள்ளத்தாக்கும் இரண்டுமே ஆங்கில ‘வி’ எழுத்துப் போல வளையும். ‘வி’யின் கூர்முனை உயரம் கூடுகிற பக்கம் நோக்கினால் அது பள்ளத்தாக்கு, உயரம் குறைகிற பக்கம் நோக்கினால் அது மலைநீட்சி. நீல நிற ஓடைக்கோடு கூர்முனை வழியாகப் போகிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை.

வரையும்போது அவசரப்படாதீர்கள். வெட்ட வேண்டிய கோட்டின்மேல் ஒரு காகிதத் துண்டின் ஓரத்தைப் பொருத்துங்கள். சம உயரக் கோடு ஓரத்தைத் தொடும் இடத்தில் எல்லாம் சிறு குறி போட்டு, அதன் உயரத்தைக் குறியின் கீழேயே உடனே எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் அங்கேதான் எண்கள் மாறும். 1:50,000 அளவையுள்ள படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். செங்குத்தாக ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், உயரம் உண்மையில் உள்ளதைப்போல் ஐந்து மடங்காகத் தெரியும். இந்தச் செங்குத்து மிகைப்படுத்தலைப் படத்தின் கீழே குறிப்பிட மறக்கக் கூடாது. கடைசியில் புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைக்காமல் கையால் வளைவாக இணையுங்கள், ஏனென்றால் நிலம் பல்வரிசைபோல் முறிந்து முறிந்து ஏறுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல ஆசை. உங்கள் ஊரில் கடலுக்குப் போகும் பெரியவர்கள், மீன் கிடைக்கும் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கரையிலிருக்கும் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலையுச்சியையும் ஒரே கோட்டில் கொண்டுவருவார்கள். வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களை அப்படியே சேர்ப்பார்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பார். தெரிந்த புள்ளிகளைக் கொண்டு தெரியாத இடத்தைப் பிடிக்கும் இந்தக் கருத்தே நில அளவைக்கும் அடிப்படை. 1802ஆம் ஆண்டு பரங்கிமலை அருகே ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கிய முக்கோண அளவைப் பணியும் முக்கோணம் முக்கோணமாகப் புள்ளிகளைப் பிடித்தே நாடு முழுவதும் பரவியது. அதன் முதுகெலும்பான ‘பெருவில்’ என்ற நீண்ட அளவைக் கோடு தெற்கே நம் குமரி முனையில் தொடங்கி இமயம் நோக்கிச் செல்கிறது. உங்கள் மேசையில் இருக்கும் நிலத்தோற்றப் படத்துக்கு மூலமும் அதுவே.

கேள்வி: தமிழ்நாட்டுக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று என்று பாடநூலில் இருக்கிறது. எங்கள் தாத்தாவோ கன்னிப்பூ நெல் சாகுபடி தென்மேற்கு மழையை நம்பித்தான் என்கிறார். தேர்வில் எதை எழுதுவது?
– ஒரு மாணவி, பூதப்பாண்டி

பதில்: இருவர் சொல்வதும் சரி, மகளே. மாநிலத்தின் மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது, ஏனென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குக் காற்றின் ஈரத்தைத் தடுத்துவிட, கிழக்கே உள்ள பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியாகிவிடுகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி அந்த மலையின் காற்றுமுகப் பக்கத்தில், அதாவது காற்று வந்து மோதும் பக்கத்தில், கிடப்பதால் நமக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நம்மவர்கள் ஆண்டில் இரு போகம் விதைப்பதும் இதனால்தான். அதே தென்மேற்குக் காற்று மலைகளின் இடைவெளியில் நெருங்கிப் பாயும்போது வேகம் கூடுகிறது. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அந்த வழியில்.

தேர்வில் கேள்வி மாநிலத்தைப் பற்றியதாக இருந்தால் வடகிழக்குப் பருவக்காற்று என்றே எழுதுங்கள். விரிவான விடைக்கான கேள்வியாக இருந்தால், அடுத்த பத்தியில் கன்னியாகுமரியையும் காற்றுமுகப் பக்கம் என்ற காரணத்தையும் ஒரு சிறு படத்தோடு சேர்த்துவிடுங்கள். தாத்தாவிடம் இரண்டு போகத்துக்கும் விதைப்பு மாதத்தையும் அறுப்பு மாதத்தையும் கேட்டு, பள்ளியில் தரப்பட்டிருக்கும் மாத மழை அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.