'ஆன்டிகனி' நாடகத்தில் கிரியோன் பக்கம் நியாயம் உண்டா?

சோபோக்ளீஸின் இந்தக் கிரேக்க நாடகத்தில், பாலினைசீஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று தீப்ஸ் நகர அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். செத்தவனின் சகோதரி ஆன்டிகனி அதை மீறுகிறாள். அரச ஆணை, தெய்வக் கடமை இரண்டுக்கும் சம நியாயம் என்கிறார்களே, சரியா என்பது கேள்வி. இந்த வாசிப்பு ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் வழியாகப் பரவியது. கிரியோன் பக்கம் நியாயம் உண்டு, ஆனால் சரிபாதி இல்லை.

பாலினைசீஸ் அந்நியப் படையோடு வந்து சொந்த ஊரான தீப்ஸைத் தாக்கியவன். கோயில்களைக் கொளுத்த வந்தவனைத் தெய்வங்கள் மதிக்குமா என்று கிரியோன் கேட்கிறான். ஆக அவனும் தெய்வத்தின் பேரில்தான் பேசுகிறான். துரோகிக்கு மண் மறுப்பது, கி.மு. 441 வாக்கில் இதைப் பார்த்த ஏதென்ஸ்காரர்களுக்குப் புதிதும் அல்ல. துரோகி எனப்பட்ட ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டாக்ளீஸின் எலும்புகளை ரகசியமாகக் கொண்டுவந்து அட்டிகாவில் (ஏதென்ஸ் நாட்டுப் பகுதி) புதைத்ததாக அவர் உறவினர்கள் சொன்னார்கள் என்று வரலாற்றாசிரியர் தூசிடிடீஸே எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தத் தடை அட்டிகா மண்ணுக்குத்தான். எல்லை தாண்டிப் புதைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கிரியோன் உடலை வெளியேற்றவும் இல்லை, உறவினரிடம் கொடுக்கவும் இல்லை. ஊர்ப்புறத்திலேயே நாய்க்கும் பறவைக்கும் போட்டுவிட்டுக் காவலும் வைத்தான்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதே இல்லை. 173, 174ஆம் வரிகளில், இறந்தவர்களுக்கு (பாலினைசீஸும் அவன் சகோதரனும்) நெருங்கிய உறவினன் என்பதால் ஆட்சி எனக்கு வந்தது என்கிறான். செத்தவனுக்குத் தாய்மாமன் அவன். அரியணைக்கு மட்டும் அந்த உறவு வேண்டும், அடக்கத்துக்கு வேண்டாமா?

ஆன்டிகனி செய்தது முழுச் சடங்கும் அல்ல. முறைப்படி பெண்கள் உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, கிடத்தி ஒப்பாரி வைக்க வேண்டும். மூன்றாம் நாள் விடியுமுன் எடுத்துப்போக வேண்டும். அவளால் முடிந்தது மேலாக ஒரு படலம் உலர்மண். காவலர்கள் அதைத் துடைத்துவிட, திரும்ப வந்து மண் தூவி, வெண்கலக் குடுவையிலிருந்து மூன்று முறை தாரை வார்க்கிறாள். கடமை தீர அவ்வளவே போதும்.

அவளையும் தெய்வச் சட்டத்தின் பிரதிநிதி என்று சுருக்க முடியாது. 904இலிருந்து வரும் வரிகளில், கணவனுக்கோ பிள்ளைக்கோ இப்படிச் செய்திருக்க மாட்டேன், பெற்றோர் இறந்தபின் இன்னொரு சகோதரன் கிடைக்க மாட்டான் என்கிறாள். ஜெர்மன் கவிஞர் கோதேவுக்கு இந்தப் பகுதி பிடிக்கவில்லை, யாரோ இடைச்செருகியது என்று நிரூபணமாக வேண்டும் என ஆசைப்பட்டார். அரிஸ்டாட்டில் காலத்திலேயே பிரதியில் இருந்தது, அவர் மேற்கோள் காட்டுகிறார்.

கிரியோனுக்குத் தீட்டு தெரியாமலும் இல்லை. கல்லெறிந்து கொல்வது என்று அறிவித்த தண்டனையை மாற்றி, ஊருக்குத் தீட்டு வராமல் இருக்கக் கொஞ்சம் உணவோடு அவளைக் குகையில் அடைக்கிறான். வெளியே கிடக்கும் பிணத்தின் தீட்டு மட்டும் உறைக்கவில்லை. பலிபீடத்தில் நெருப்பே பற்றவில்லை, கொழுப்புதான் உருகிச் சாம்பலில் வழிகிறது என்று குறிசொல்லும் டைரீசியஸ் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மனம் மாறிய பிறகும் வரிசையில் தப்பு செய்கிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்று முதியோர் குழு சொல்கிறது (1100, 1101). அவனோ முதலில் பிணத்தைக் கழுவி, புதிதாக ஒடித்த கிளைகளில் எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கு மாட்டிக்கொண்டாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அவன் மகன் ஹேமோனும், மனைவி யூரிடைசியும் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொள்கிறார்கள்.

கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்றால், தெய்வச் சட்டத்தைப் பற்றி ஆன்டிகனி பேசத் தொடங்கும், எல்லோரும் எடுக்கும் 450ஆம் வரியோடு நிற்காமல் 173ஐயும் 1100ஐயும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.