பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சூடு வைக்கிறார்கள்: யாரிடம் சொல்வது?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தோடு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை இருக்கிறாள். உறவுக்காரப் பிள்ளை என்கிறார்கள். பள்ளிக்கூடம் போவதில்லை. கையில் சூட்டுத் தழும்பு பார்த்தேன். ஊர்ப் பெரியவர் "பேசி முடிச்சுக்கலாம்" என்கிறார். என் சந்தேகம் தப்பாகிவிட்டால் என்மேல் கேஸ் வருமா?

பதில்: வராது. தெரிந்தே பொய் சொல்லி ஒருவரை மாட்டிவிடுபவருக்குத்தான் தண்டனை. நிரூபிப்பது உங்கள் வேலையே இல்லை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு இன்றே பேசுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் பேசலாம், பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். இந்த நிமிடமே அடி விழுகிறது என்றால் 112. பிள்ளையின் உத்தேச வயது, தழும்பு உடம்பில் எங்கே, என்றைக்குப் பார்த்தீர்கள், கூட யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் முகவரிதான் காரியத்தைக் கெடுக்கும். முகப்பு ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. வந்தவர்கள் முகப்பைத் தட்டிப் பார்த்து, பூட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனால், மறுநாளே பிள்ளையை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். வீட்டின் விலாசம் (குடும்பத்தை அடையாளம் காட்டும் முதலெழுத்துகள்), பக்கத்து ஊரணி, அவள் எந்த வாசலில் புழங்குகிறாள் என்பது வரை சொல்லிப் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரிடம் இனி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அவர் "பேசி முடிப்பது" என்றால் வீட்டாருக்கு முன்கூட்டியே தகவல் போகிறது என்று அர்த்தம். "விழுந்து பட்டது" என்று சொல்லப் பிள்ளையைப் பழக்கிவிடுவார்கள். முத்திரைத்தாளில் எழுதி வாங்கினாலும் குற்றம் குற்றம்தான். பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமை செய்தால் மூன்றாண்டு வரை சிறை உண்டு. மனு எழுதித் தருகிறேன், ஸ்டேஷனில் ஆள் இருக்கிறது என்று பணம் கேட்டு வருபவரையும் அண்டவிடாதீர்கள். வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி, சிவகங்கை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பினால் போதும்.

ஒன்று மட்டும் தனி. பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் 1098-க்குச் சொன்னதோடு நிறுத்தாதீர்கள், போலீசுக்கும் சொல்லியாக வேண்டும். 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாதவருக்கே ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ விழும். வாத்தியார், டாக்டர், பெற்ற தாய், "பேசி முடிக்கிற" பெரியவர் என யாரும் இதற்கு விலக்கில்லை. குடும்ப மானம், பிள்ளையின் எதிர்காலம் என்று எதைச் சொல்லியும் தப்ப முடியாது. வாக்குமூலத்துக்காகப் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்கத் தேவையில்லை. சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாங்க வேண்டும்.

"இது திருமயம் எல்லை, புதுக்கோட்டை மாவட்டம், அங்கே போங்க" என்று அலையவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2024 ஜூலையிலிருந்து சட்டம் தெளிவாக இருக்கிறது: எந்த ஸ்டேஷனும் வழக்குப் பதிந்துதான் எல்லை பார்த்து மாற்ற வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுத் துருவிக் கேட்காதீர்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம். இரண்டு நாளில் யாரும் வரவில்லையென்றால் அதே பதிவு எண்ணைச் சொல்லி மறுபடி 1098-ஐ அழைத்துவிட்டு, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஸ்பீடு போஸ்டில் மனு அனுப்புங்கள்.