தொல்லை இல்லாத பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை எதற்கு?

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "எட்டு வயது மகனுக்குப் பள்ளியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை தருகிறார்கள். அவனுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. சென்ற முறை மாத்திரை போட்ட அன்று வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன. இந்த முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?"

எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. வயிற்றில் சில புழுக்கள் மட்டும் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரிவதெல்லாம் பிள்ளையின் சோர்வும் வெளிறிய கண்ணிமையும்தான். ஒவ்வொருவருக்கும் மலப் பரிசோதனை செய்யும் செலவு மாத்திரையின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதாலும், மருந்து பாதுகாப்பானது என்பதாலும், 2015-இல் சில மாநிலங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த திட்டத்தின்படி 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குப் பரிசோதனை இன்றியே அல்பெண்டசோல் தரப்படுகிறது. 2 வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், அதற்குக் கீழ் பாதி.

சென்ற முறை வந்த வலியைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மருந்தால் புழுக்கள் சாகும்போது இப்படிப்பட்ட தொல்லைகள் வரும். புழுக்கள் அதிகமுள்ள பிள்ளைகளிடமே இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே உங்கள் மகன் வயிற்றில் அப்போது புழுக்கள் இருந்திருக்கவும் கூடும். பொதுவாக ஒரு நாளில் தணிந்துவிடும். தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை தரும் நாளில் காய்ச்சல் இருந்தால் விடுபட்டோருக்கான நாளில் கொடுக்கலாம். வலிப்பு நோய் இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்பது அவசியம். மாத்திரையை நன்றாக மென்று விழுங்கச் சொல்லுங்கள். கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பிவிடும் பிள்ளைகளும் உண்டு.

இத்திட்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒற்றை மாத்திரை உருண்டைப்புழுவை நன்றாக ஒழிக்கும். சாட்டைப்புழுவிடம் அவ்வளவாகப் பலிக்காது. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். மண்ணில் கலந்துவிட்ட முட்டைகளை எந்த மாத்திரையும் தொடாது. எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று: கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியே நுழைவதால், வயலில் வேலை செய்யும் பெரியவர்களிடமே அது அதிகம் காணப்படுகிறது, அவர்களில் பெரும்பாலோரோ இத்திட்டத்தில் இல்லை. பள்ளியில் பிள்ளைக்கு மருந்து கொடுத்தாலும், வீட்டில் ஒருவரிடம் புழு தங்கி, திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கமும் இருந்தால், அதே மண்ணிலிருந்து பிள்ளைக்கு மீண்டும் தொற்றிவிடும். உங்கள் வீட்டில் யாரேனும் வயலில் இறங்குபவராக இருந்து, ஓயாத சோர்வும் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு இரத்தச்சோகைக்கும் மலத்துக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.