'கமெண்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் பாராட்டுவது மட்டும்தான் பொருளா?

'ரெகமெண்ட்' என்பதில் முன்னால் உள்ள 'ரெ'யை எடுத்துவிட்டால் மிஞ்சும் 'கமெண்ட்' பற்றியது இந்தக் கேள்வி. இதன் முதல் பொருள் பாராட்டுவது. ஆனால் எல்லாப் பாராட்டுக்கும் இது வராது. பெரும்பாலும் பொறுப்பில் இருப்பவர், ஒருவரின் செயலை மதித்து முறைப்படி சொல்லும் பாராட்டு இது. தீயில் சிக்கியவரை மீட்டவரைக் காவல்துறை பாராட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். நண்பரின் புதுச் சட்டையைப் பாராட்ட இதைப் போட்டால் விறைப்பாக ஒலிக்கும். அங்கே 'காம்ப்ளிமென்ட்' போதும்.

இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு: பரிந்துரைப்பது, ஒப்படைப்பது. மூன்றும் ஒரே சொல்லில் எப்படி வந்தன? இதன் மூலமான லத்தீன் சொல்லுக்கே ஒப்படைப்பது என்ற பொருள் உண்டு. ஒருவரைத் தோளில் கைவைத்து முன்னால் நிறுத்தி, "நல்லவர், இவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைப் போலத்தான். அந்த ஒரே செயலில் மூன்றும் அடங்கிவிடுகின்றன. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், இயேசு தம் ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவிக்கும் இடத்தில் இருப்பதும் இதே சொல்தான்.

பாராட்டும்போது, எதற்காக என்பதற்கு முன் 'ஃபார்' வரும். மற்ற இரண்டிலும், யாரிடம் என்பதற்கு முன் 'டு'.

அப்புறம், கருத்து சொல்வதைக் குறிக்கும் 'கமெண்ட்' வேறு சொல். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதினாலும், ஆங்கிலத்தில் கருத்து சொல்வதற்கான சொல்லுக்கு அழுத்தம் முதல் அசையில், பாராட்டுவதற்கான சொல்லுக்கு இரண்டாம் அசையில்.