எஃப்-150 டிரக்கின் பெட்டுக்கு ஹார்ட் கவர்: எதை வாங்குவது, நாமே மாட்டலாமா?

கேள்வி: மிச்சிகனில் இருக்கிறேன். 5.5 அடி பெட் (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி) உள்ள ஃபோர்டு எஃப்-150 வாங்கியிருக்கிறேன். பெட்டுக்குக் கெட்டியான மூடி போட வேண்டும். மடிக்கிறதா, உள்ளே சுருண்டு போகிறதா, ஒரே பலகையா? மழையும் பனியும் உள்ளே போகாதா? மாட்டிக் கொடுக்க 200 டாலர் கேட்கிறார்கள், நானே செய்ய முடியுமா? மைலேஜ் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

நானும் டெட்ராய்ட் பக்கம்தான். என்னுடையதும் எஃப்-150, அதே 5.5 அடி பெட். மடிக்கிற ஹார்ட் கவரைப் போட்டுச் சில குளிர்காலங்கள் ஓட்டியாகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மைலேஜை முதலில் முடித்துவிடலாம். அதற்காகக் கவர் வாங்காதீர்கள். டெயில்கேட் (பெட்டின் பின்கதவு) மூடியிருக்கும்போது திறந்த பெட்டுக்குள் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். கேபின் கூரையைத் தாண்டி வரும் காற்றில் பெரும்பகுதி அந்தச் சுழலின் மேலேயே வழுக்கிப் போய்விடும். அதனால், பார்க்கும்போது நமக்குத் தோன்றுகிற அளவுக்குத் திறந்த பெட் காற்றை வாரிப் பிடிப்பதில்லை. கவரால் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் கேஸ் ஸ்டேஷன் ரசீதைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எது வாங்குவது என்பதற்கு வருவோம். கடையில் பட்ஜெட்டைத்தான் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: உயரமான சாமான் அடிக்கடி ஏற்றுவீர்களா? எஃப்-150 பெட்டின் ஆழம் 21.4 அங்குலம். கவர் மூடியிருந்தால் அந்த உயரத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். அரிசி மூட்டை, சூட்கேஸ், கிரிக்கெட் கிட், பாண்டியாக் பராசக்தி கோயில் விழாவுக்கு நீங்கள் எடுத்துப் போகிற பாத்திரங்கள், மடக்கு நாற்காலிகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஃபிரிட்ஜ் அடங்காது. கோடையில் வெளியே வைத்து ஆளுயரம் வளர்ந்துவிட்ட கறிவேப்பிலைச் செடியும் அடங்காது.

உயரமான சாமான் உங்களுக்கு வருடத்தில் ஓரிரு முறைதான் என்றால், ஒரே பலகையாக வரும் ஃபைபர்கிளாஸ் கவர் அழகில் அனைத்தையும் தோற்கடிக்கும். வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துத் தருவார்கள், கேஸ் ஸ்ட்ரட்டில் (வாயு அழுத்தத்தில் தூக்கிப் பிடிக்கும் தண்டு) கார் டிக்கி மாதிரி மேலே தூக்கித் திறக்கலாம், இணைப்புகள் இல்லாததால் நடுவில் தண்ணீர் இறங்க வழியே இல்லை. ஆனால் ஃபிரிட்ஜ் வாங்குகிற அன்று அதைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், கழற்றியதை வைக்க கராஜில் இடமும் வேண்டும். அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இது ஒத்துவராது.

சுருண்டு போகிற ரகம், அதாவது அலுமினியப் பட்டைகளோ பாலிகார்பனேட் தகடோ முன்பக்கப் பெட்டிக்குள் நுழைந்துகொள்வது, பயன்படுத்த மிகவும் சொகுசு. எந்த இடத்தில் வேண்டுமானாலும் பாதியில் நிறுத்தலாம், பின் கண்ணாடியை மறைக்காது. சிக்கல் அந்தப் பெட்டிதான். பெட்டின் முன்மூலையில் அது ஏறக்குறைய ஓர் அடி நீளத்தைத் தின்றுவிடும். உங்கள் பெட்டின் உள்நீளம் 67 அங்குலம்தான், அதில் ஓர் அடி போவது பெரிய விஷயம். இன்னொன்று நம் ஊர்க் குளிர். கவர் நகர்கிற பக்க ரெயில்களின் தடத்தில் மணலும் உப்பும் சேரும், பைன் மரத்தடியில் நிறுத்தினால் ஊசி இலைகளும் சேரும், தண்ணீர் போகும் குழாய் உறையும். ஜனவரி காலையில் கவர் நகர மறுக்கும், நகர்த்தினால் கறகறவென்று சத்தம் போடும். டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ இருந்து கேட்டிருந்தால் தயங்காமல் இதைச் சொல்லியிருப்பேன்.

மிச்சிகனுக்கும், சின்ன பெட்டுக்கும், எல்லாச் சாமானும் ஏற்றுகிற குடும்பத்துக்கும் என் ஓட்டு மடிக்கிற கவருக்குத்தான். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக முன்னால் மடிந்துகொள்ளும். பெட் முழுவதும் வேண்டுமென்றால் சில மாடல்களில் மடித்த கட்டை கேபினை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்தி முட்டுக்கம்பி கொடுத்துவிடலாம். அப்போது பின் கண்ணாடி மறைந்துவிடும், பக்கக் கண்ணாடிகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். கூரையில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு பின்னால் வருபவருக்குத் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை தோராயமாக: மடிக்கிறது 700 முதல் 1,300 டாலர், சுருள்வது 1,500-இல் தொடங்கி மோட்டார் வைத்தால் இன்னும் மேலே. இதெல்லாம் போதாது, கவர் மேலேயே சரக்கு ஏற்றுவேன், ஏறி நிற்பேன் என்பவர்களுக்கு பென்சில்வேனியாவில் செய்யப்படும் டைமண்ட்பேக் இருக்கிறது. அலுமினியத் தகடு, பலமான ரகம் 1,600 பவுண்டு தாங்கும் என்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். மளிகை வாங்கப் போகிற நமக்கு எதற்கு?

பிராண்டைப் பற்றி நண்பர்கள் வாட்ஸாப்பில் சண்டை போடுவார்கள். பேக்ஃபிளிப்பா, எக்ஸ்டேங்கா, அண்டர்கவரா என்று. இவை எல்லாமே, டிரக்சிடோ, ரிட்ராக்ஸ், ரோல்-என்-லாக் உட்பட, ஆன் ஆர்பரில் தலைமையகம் வைத்திருக்கும் ரியல்டிரக் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. அதனால் பெயரை விட்டுவிட்டு, பலகை என்ன பொருள், ரப்பர் சீல் எவ்வளவு தடிமன், உதிரி சீல் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். முதலில் தேய்ந்து போவது சீல்தான்.

ஆர்டர் செய்யும் முன் டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள். டெயில்கேட்டை மூடி, பெட்டின் முன்சுவரிலிருந்து டெயில்கேட்டின் உள்முகம் வரை. எஃப்-150-இல் 67.1, 78.9, 97.6 அங்குலம் என்று மூன்று நீளம் உண்டு. ஷெவர்லே சில்வராடோவின் சின்ன பெட் 69.9 அங்குலம், அதற்குச் செய்தது உங்களுக்குப் பொருந்தாது. பழைய கவரை ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். நீளம் சரியாக இருந்தாலும் வண்டியின் தலைமுறை மாறியிருக்கலாம். டொயோட்டா டகோமா என்றால் பெட்டின் ஓரத்தில் சாமான் கட்டுகிற டெக் ரெயில் இருக்கிறதா, ராம் டிரக் என்றால் பக்கவாட்டில் ராம்பாக்ஸ் என்ற சாமான் பெட்டி இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கவரின் பார்ட் நம்பரே மாறும். குறுக்கே டூல்பாக்ஸ் வைத்திருந்தாலும் அப்படித்தான்.

இனி தண்ணீர். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும், நனையவே நனையாத மடிப்புக் கவர் என்று ஒன்று கிடையாது. இந்தக் கவர்கள் தண்ணீரைத் தடுப்பதைவிட, வந்த தண்ணீரை வழிநடத்துவதைத்தான் செய்கின்றன. பலகைகளின் இணைப்பில் இறங்கும் நீர் பக்க ரெயிலின் வாய்க்காலுக்கு வந்து, முன்மூலையில் இருக்கும் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய்விட வேண்டும். அந்தக் குழாய் மடங்கியிருந்தாலோ அடைத்திருந்தாலோ முழுத் தண்ணீரும் பெட்டுக்குள்தான். ஆனால் உள்ளே வரும் நீரில் கணிசமான பங்கு கவர் வழியாக வருவதே இல்லை. டெயில்கேட்டின் இரண்டு பக்க இடுக்கும் அடியில் கீல் இருக்கும் இடைவெளியும் தொழிற்சாலையிலிருந்தே திறந்துதான் வருகின்றன. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் தூசியும் பனித்தூளும் சுழன்று அங்கேதான் நுழையும். மண் ரோட்டில் ஒருமுறை போய்வந்தால் தெரிந்துவிடும். தனியாக விற்கிற டெயில்கேட் சீல் ரப்பரை வாங்கி ஒட்டுங்கள். ஆயிரம் டாலர் கவர் செய்யாத வேலையை அது செய்யும்.

மாட்டி முடித்ததும் எளிதான ஒரு சோதனை செய்யலாம். பெட் முழுக்க அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்துவிட்டு, கவரை மூடி, ஹோஸில் சில நிமிடம் தண்ணீர் அடியுங்கள். எந்த மூலை அட்டை நனைந்திருக்கிறதோ அங்கே வேலை இருக்கிறது.

பனி வேறு கதை. பல மடிப்புக் கவர்கள் 400 பவுண்டு தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது நிற்கிற வண்டியில், எடை முழுப் பரப்பிலும் சமமாகப் பரவியிருக்கும்போது. நீங்கள் ஒரு காலை வைத்து ஏறுவது அந்தக் கணக்கில் வராது. உங்கள் பெட்டின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர அடி. ஓர் அடி உயரத்துக்குப் புதிதாகப் பெய்த பொடிப் பனி என்றால் 200 பவுண்டு பக்கம் வரும், கவர் தாங்கும். அதே ஓர் அடி ஈரப் பனி என்றால் 600 பவுண்டைத் தொடும். ஆகவே மார்ச் மாதப் பனியைத் தள்ளாமல் விடாதீர்கள். தள்ளுவதற்கு மென்மையான ஃபோம் பிரஷ்தான், உலோக ஷவல் வேண்டாம். சீல் உறைந்து ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும், நவம்பரிலேயே சிலிகோன் ஸ்பிரே அடித்து வையுங்கள்.

சரி, மாட்டுவது. ஒரு ராட்செட் (போல்ட் முறுக்கும் கைக்கருவி), சரியான சாக்கெட், அளவு டேப், கூட ஒரு ஆள். பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பெட்டில் துளை போடத் தேவையில்லை, எல்லாம் கிளாம்ப்தான் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி). மேல் பல் ரெயிலைப் பிடிக்கும், கீழ்ப் பல் பெட் ஓரத்தின் உள்மடிப்பைப் பிடிக்கும்.

வெயில் நாளாகப் பாருங்கள், இல்லையென்றால் கராஜுக்குள் செய்யுங்கள். முன்சுவரில் ஒட்டுகிற ஃபோம் சீலின் பசை குளிரில் பிடிக்காது. ஓரங்களைக் கழுவி, சீல் ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ரெயில் உட்காரும் இடத்தில் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது என் பழக்கம். கீழே மாட்டிய மணல் அதிர்ந்து அதிர்ந்து பெயின்ட்டைச் சுரண்டிவிடும். 2015 முதல் எஃப்-150-இன் பாடியும் பெட்டும் அலுமினியம். துரு பிடிக்காது, ஆனால் பெயின்ட் போன இடத்தில் எஃகு போல்ட்டும் ரோட்டு உப்பும் சேர்ந்தால் அலுமினியமும் அரிக்கும். போகிற போக்கில் ஒன்று, காந்தம் வைத்த டார்ச் அந்த பெட்டில் ஒட்டாது, நெற்றியில் கட்டுகிற விளக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ரெயில்களை வைத்து முன்சீலோடு நன்றாக அணைத்து, கிளாம்ப்களைக் கையால் மட்டும் லேசாகப் போடுங்கள். இப்போதே முறுக்க வேண்டாம். இரண்டு ரெயில்களுக்கும் நடுவே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுங்கள், அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காகவும். இவை ஒத்துப்போகாமல் முறுக்கினால் கவர் கோணலாக உட்காரும், ஒரு பக்கப் பூட்டு விழும், மறுபக்கம் விழாது. இந்த வேலையில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். கவரை வைத்து விரித்து மூடி, டெயில்கேட்டையும் மூடித் திறந்து உரசுகிறதா பாருங்கள். எல்லாம் சரி என்றால் முன்னிருந்து பின்னாக, இடம் வலம் மாற்றி மாற்றி முறுக்குங்கள். இம்பாக்ட் கன் (மின்சாரத்தில் முறுக்கும் கருவி) தொடவே கூடாது, அலுமினிய ரெயில் வளைந்துவிடும். ஒரு வாரம் ஓட்டியதும் ஃபோம் அமுங்கியிருக்கும், இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள்.

திருட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மடிப்புக் கவரின் தாழ்ப்பாள் பொதுவாக உள்பக்கம், டெயில்கேட்டைத் திறந்தால்தான் கை எட்டும். அதாவது கவரின் பூட்டு டெயில்கேட்டின் பூட்டுதான். அடிப்படை ரகங்களில் டெயில்கேட் ரிமோட்டில் பூட்டாது, சாவி போட வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்களுடையது எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 200 டாலரை ஒரே ஒரு நிலைமையில் கொடுக்கலாம். பெட்டுக்குள் பிளாஸ்டிக் லைனர் போட்டு, அதன் விளிம்பு ஓரத்துக்கு மேலே ஏறி மடிந்திருந்தால், கிளாம்ப் உலோகத்தைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு கிளாம்ப் வரும் இடத்திலும் லைனரை அளந்து வெட்டியாக வேண்டும், கை தவறினால் பெயின்ட்டில் கோடு விழும். ஸ்பிரே செய்த லைனர் என்றால் இந்தத் தொல்லை கிடையாது, நீங்களே மாட்டிக்கொள்ளலாம்.