யூகேக்கு வாற நம்மட ஆக்களுக்கு: கேள்வியும் பதிலும்

மட்டக்களப்பு, அம்பாறை பக்கமிருந்து படிக்கவும் வேலைக்கும் யூகே வாற புள்ளைகள் இப்ப கூட. எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியத்தான் கேக்காங்க, அதால ஒண்டா பதில் சொல்லிடுறன், கேட்டவங்கட ஊர் பேர கேள்விக்கு முன்னால போட்டிருக்கன். நான் கல்லடி, இப்ப லண்டன்ல ஈஸ்ட்ஹாம் பக்கம் குடும்பத்தோட இருக்கன், புதுசா வாறவங்களுக்கு பேப்பர் வேலையள்ள உதவி செய்றன். நான் சொல்றது இங்கிலாந்து விதி, ஸ்கொட்லாந்துல சிலது வேற.

களுவாஞ்சிகுடி: அண்ணா, மாஸ்டர்ஸ் செய்ய வாறன். இறங்கின உடன என்ன செய்யணும்? என்ஐ நம்பர் (வேலை, வரி கணக்குக்கான நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர்) எடுத்து தாறன் எண்டு ஒராள் 100 பவுன் கேக்காரு, குடுக்கவா?

குடுக்காதீங்க தம்பி. என்ஐ நம்பருக்கு கவர்மென்ட் சைட்டுல நீங்களே அப்ளை பண்ணலாம், ஒரு சதமும் இல்ல. அது வரும் வரைக்கும் வேலைக்கு போகேலாது எண்டு சொல்றதும் பிழை, வேலை செய்ய உரிமை இருக்கு எண்டு காட்டினா காணும். அதுக்குத்தான் ஷேர் கோட், வேலை குடுக்கிறவர் அத போட்டு உங்கட உரிமைய ஒன்லைன்ல பாப்பார். முந்தி மாதிரி பிஆர்பி எண்ட விசா கார்ட் இப்ப இல்ல, எல்லாம் ஈவிசா எண்ட ஒன்லைன் விசா, யூகேவிஐ (யூகே விசா டிபார்ட்மென்ட்) அக்கவுண்டுக்குள்ள போய் கோட் எடுத்தா 90 நாளைக்கு செல்லும். அந்த அக்கவுண்ட் உங்கட ஈமெயில், உங்கட போன் நம்பர்ல இருக்கணும், ஏஜென்டுட ஈமெயில்ல திறந்து போட்டு மறுகா பாஸ்வேர்டுக்காக அவர்ர பின்னால அலையிற புள்ளைகள் கன பேர். பேங்க் திறக்க யூனியில லெட்டர் கேளுங்க, தருவாங்க.

செங்கலடி: ஊர் ஆள் ஒருவர்ட வீட்டில ரூம் இருக்காம். மூணு மாச வாடகைய இப்பவே அனுப்பினாத்தான் பிடிச்சு வைப்பாராம்.

ரூம கண்ணால பாக்காம காசு அனுப்ப வேணாம், ஊர் ஆளா இருந்தாலும் சரிதான். முதல் கொஞ்ச நாளுக்கு யூனி ஹோஸ்டலோ சொந்தக்காரர் வீடோ பாத்துட்டு, வந்து நிண்டு தேடுங்க. சாதாரண வாடகை வீட்டுக்கு டெபாசிட் அஞ்சு கிழமை வாடகைக்கு மேல கேக்கேலாது, ரூம பிடிச்சு வைக்கிறதுக்கு எண்டா ஒரு கிழமை வாடகைதான். அந்த டெபாசிட்ட ஓனர் 30 நாளைக்குள்ள அரசாங்கம் ஏத்துக்கொண்ட ஒரு டெபாசிட் பாதுகாப்பு ஸ்கீம்ல போட்டு பேப்பர் உங்கள்ட்ட தரணும்.

ஆனா இத நல்லா கேளுங்க, ஓனரும் அதே வீட்டில இருந்து கொண்டு ஒரு ரூம மட்டும் உங்களுக்கு தந்தா அந்த ஸ்கீம் பாதுகாப்பு உங்களுக்கு இல்ல, நம்மட ஆக்கள் கனபேர் இருக்கிறது இப்பிடித்தான். அதால காச கையில குடுக்காம பேங்கால அனுப்புங்க, எவ்வளவு, எதுக்கு, எப்ப திருப்பி தருவீங்க எண்டு ஒரு வாட்சப் மெசேஜ்லயாவது எழுதி வாங்குங்க. தெரிஞ்ச ஆளிட்ட எழுதி கேக்க வெக்கப்படாதீங்க, நேர்மையான ஆள் கோவிக்க மாட்டார். இந்த அட்ரஸுக்கு பேங்க் லெட்டர் வரலாமா எண்டும் முதல்லயே கேளுங்க, சிலர் விட மாட்டாங்க.

கல்முனை: ஸ்டூடண்ட் விசாவில இருக்கன். கூட்டாளி அவன்ட சாப்பாட்டு டெலிவரி ஆப் அக்கவுண்ட வாடகைக்கு தாறான், ஓடலாமா?

வேணாம் தம்பி, கையெடுத்து கும்பிட்டு கேக்கன். ஸ்டூடண்ட் விசாவில சுயதொழில் செய்யேலாது, டெலிவரி ஓடுறது பெரும்பாலும் சுயதொழில் கணக்குதான். வேற ஆள்ட பேர்ல ஓடி பிடிபட்டா விசாவே போயிடும், வீட்டில காணி ஈடு வச்சு அனுப்பின காசு என்னாகும்? டிகிரி லெவல்ல படிக்கிறவங்க டேர்ம் நேரம் (பாடம் நடக்கிற காலம்) கிழமைக்கு 20 மணித்தியாலம் சம்பள வேலை செய்யலாம், கிழமை எண்டா திங்கள்ல இருந்து ஞாயிறு, ஒரு கிழமை 15 மறு கிழமை 25 எண்டு சரிக்கட்டேலாது. கடையில ரகசியமா குறைஞ்ச சம்பளத்துக்கு நிக்கவும் தேவையில்ல, 2025 ஏப்ரல்ல வந்த கணக்குப்படி 21 வயசும் மேலயும் எண்டா மணிக்கு குறைஞ்சது 12.21 பவுனா இருந்திச்சு, ஒவ்வொரு ஏப்ரலும் அது மாறும், இப்ப எவ்வளவு எண்டு கவர்மென்ட் சைட்டுல பாருங்க. தராட்டி வேலை உரிமை பத்தி சொல்ற ஏக்காஸ் எண்ட இடத்துக்கு போன் எடுங்க, ஆலோசனை சும்மா சொல்லுவாங்க.

வாழைச்சேனை: கேர் விசா (வயசானவங்கள, நோயாளியள பராமரிக்கிற வேலைக்கு) இருக்கு, 40 லட்சம் எண்டு ஒரு ஆள் சொல்றார். தங்கச்சிக்கு கட்டலாமா?

கட்டவே வேணாம். 2025 ஜூலை 22க்கு பிறகு வெளிநாட்டில இருந்து புதுசா கேர் வேலைக்கு ஆள் எடுக்கிறத யூகே நிப்பாட்டிட்டு. இப்பவும் அத சொல்லி காசு கேக்கிற ஆள் ஏமாத்துறார், வேற பேச்சில்ல. வேற வேலை எண்டாலும் ஸ்பொன்சர் பண்ற கம்பனிட பேர் கவர்மென்ட் சைட்டுல இருக்கிற லிஸ்ட்டுல இருக்கா எண்டு பாருங்க, யாரும் பாக்கலாம். சிஓஎஸ் எண்ட பேப்பருக்கு (கம்பனி தாற ஸ்பொன்சர் சான்றிதழ்) எண்டு உங்கள்ட்ட காசு கேட்டா அந்த இடத்திலயே விடுங்க. ஊர்ல இருக்கிற ஏஜென்சிக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில லைசன்ஸ் இருக்கா எண்டும் பாருங்க.

அக்கரைப்பற்று: நானா, அவர்ட வேலை விசாவில நானும் வந்திரிக்கன், இப்ப வயித்தில புள்ள. இங்கிலீஷும் சரியா வராது, ஆஸ்பத்திரிக்கு எப்பிடி போற?

பயப்படாதீங்க தங்கச்சி. விசாவுக்கு கட்டின ஹெல்த் சர்சார்ஜ்தான் உங்கட உரிமை, பிரசவத்துக்கு தனியா பில் வராது. கிட்ட இருக்கிற ஜிபியில (குடும்ப டொக்டர்ட இடம்) பதியுங்க, காசு இல்ல, அட்ரஸ் பேப்பர் இல்லாட்டியும் பதியணும், மாட்டன் எண்டா அது அவங்கட பிழை. பொம்புள டொக்டர் வேணும், தமிழ் இன்டர்பிரிட்டர் வேணும் எண்டு முதல் நாளே சொல்லுங்க, இன்டர்பிரிட்டருக்கும் நீங்க கட்டத் தேவையில்ல. மிட்வைஃப்ட்ட (மருத்துவிச்சி) மருந்துக் காசு கட்டாம இருக்கிற மெட்டர்னிட்டி எக்ஸெம்ப்ஷன் கேளுங்க, ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுன் மிச்சம், புள்ள பிறந்து ஒரு வருஷம் வரைக்கும். ரத்தம் போனா, குழந்தைட அசைவு குறைஞ்சா விடியட்டும் எண்டு இருக்க வேணாம், ராவோ பகலோ ஆஸ்பத்திரி மெட்டர்னிட்டி நம்பருக்கு உடன எடுங்க. உயிர் ஆபத்து எண்டா 999, மத்த வருத்தத்துக்கு 111.

சம்மாந்துறை: இலங்கை லைசன்ஸ்ல கார் ஓடலாமா?

குடியேறின நாள்ல இருந்து 12 மாசம் ஓடலாம், இன்சூரன்ஸ் கட்டாயம். பிறகு ஓட புரொவிஷனல் (பழகுற ஆக்கள்ட) லைசன்ஸ் எடுத்து தியரி, பிராக்டிகல் ரெண்டும் பாஸ் பண்ணணும், இலங்கை லைசன்ஸ யூகே லைசன்ஸா மாத்தி தரமாட்டாங்க. தியரி தமிழ்ல இல்ல, டெஸ்ட்டுக்கு நாள் கிடைக்க கன காலம் எடுக்கும், அதால வந்த கையோட தொடங்குங்க.

திருக்கோவில்: மகன் வாற மாசம் வாறான். என்ன கட்டி குடுக்க? குளிர நினைச்சா எனக்கு நித்திரையே இல்ல.

அம்மா, குளிர் உடுப்பு கொழும்பில விலைக்கு வாங்காதீங்க, இங்க மலிவு. உள்ளுக்கு போடுற தேர்மல் ரெண்டு இருந்தா வந்திறங்க காணும். இறைச்சி, பால் சாமான் ஒண்டும் விடமாட்டாங்க, பால் போட்ட இனிப்பும் வேணாம். கருவாடு அளவோட கொண்டு வரலாம், வாசம் வராம நல்லா கட்டுங்க. மிளகாய்த்தூளும் நீங்க அரைக்கிற கறித்தூளும் கட்டாயம் வைங்க, ஈஸ்ட்ஹாம்ல எல்லாம் விக்கிது, ஆனா வீட்டுத் தூள்ட ருசி கடையில வராது. டிசம்பர்ல நாலு மணி போலயே இருட்டத் தொடங்கிடும், புள்ளைகள் சோர்ந்து போறது அந்த நேரம்தான், அப்ப ஒரு கோல் எடுத்து கதைங்க.

ஆரையம்பதி: நாலு பேரும் ஸ்டூடண்ட், வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் (ஊர்ச் சபைக்கு கட்டுற வீட்டு வரி) பில் வந்திட்டு.

எல்லாரும் ஃபுல்டைம் எண்டா கட்டத் தேவையில்ல, ஆனா தானா நிக்காது. நாலு பேரும் யூனியில சேர்டிபிகேட் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்புங்க. ஒராள் படிப்ப முடிச்சா உடன அறிவிக்கணும், அப்ப அந்த வீட்டுக்கு பில் திரும்ப வரும்.