உரியும் கிட்டார் பூச்சு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆலயப் பாடகர் குழுவில் நான் வாசிக்கும் அக்கூஸ்டிக் கிட்டார், வளைகுடாவில் வேலை பார்த்த என் சித்தப்பா வாங்கிவந்தது. வலது கை படியும் இடத்திலும், முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையின் ஓரத்திலும் அதன் பளபளப்பான பூச்சு செதில் செதிலாக உரிகிறது. கிறிஸ்துமஸ் ஸ்டிக்கரை எடுத்தபோது ஒரு துண்டு கூடவே வந்துவிட்டது. முழுவதையும் சுரண்டிவிட்டு வார்னிஷ் அடித்துத் தருவதாக ஊர்த் தச்சர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: கொடுக்க வேண்டாம். தச்சர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் கிட்டாரின் முன்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே உடையது என்பதையும், எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையுடன் அதை இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் அவர் அறிந்திருக்க வாய்ப்பு குறைவு. கெட்டியான பூச்சைச் சுரண்டும் வேகத்தில் பலகையும் தேய்ந்தால் அது பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பிவிடும். அதன்மேல் கதவுக்கு அடிப்பதுபோல் கனமாக வார்னிஷ் ஏற்றினால் ஒலியும் மங்கும்.

முதலில் பூச்சு எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். வெளியே தெரியாத ஓரிடத்தில், பஞ்சுக்குச்சியால் ஒரு துளி ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், லாக்கரைக் கரைக்கும் என்.சி. தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் இளகாவிட்டால் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். தகடுபோல் செதிலாக உரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இந்த மூன்றாம் வகையாகத்தான் இருக்க வேண்டும். இந்த வேறுபாடு முக்கியமானது: லாக்கரின் மேல் அடிக்கும் புது லாக்கர் பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும்; பாலி வகையில் புதுப்பூச்சு பழையதன்மேல் தனி அடுக்காகவே நிற்கும்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், மரம் ஈரத்தை உறிஞ்சி விரிவதும் பின்னர் உலர்ந்து சுருங்குவதும் ஓயாமல் நடக்கிறது. இறுகிய பிளாஸ்டிக் போன்ற பாலி பூச்சு அந்த அசைவோடு சேர்ந்து அசைய முடியாமல், பிடிப்புக் குறைந்த இடத்தில் கழன்றுவிடுகிறது. கையின் வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் அந்தப் பிளவுக்குள் புகுந்தால் உரிதல் பரவும்.

ஆகவே, பரவாமல் நிறுத்துவதே உங்கள் வேலை. பூச்சு இன்னும் விழாமல் மரத்தை விட்டுத் தூக்கி நிற்கும் இடம் வெளிறித் தெரியும். அதன் விளிம்பில் நீர்போல் ஓடும் மெல்லிய சூப்பர் குளூவை ஊசிமுனையால் ஒரு துளி வைத்தால் அது தானாகவே அடியில் ஊர்ந்து செல்லும். மேலே ஒரு பாலித்தீன் தாளை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வழியும் பசையைப் பருத்தித் துணியால் துடைக்கக் கூடாது. பருத்தியில் படும் சூப்பர் குளூ கடுமையாகச் சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.

முழுதாக உரிந்து மரம் தெரியும் இடத்தில் பசையை நேரடியாக ஊற்றினால் மரம் கறுத்துத் திட்டாகிவிடும். அங்கே முதலில் மெல்லிய அரக்குப் பாலிஷ் பூசி நன்றாக உலரவிட்டு, பிறகு பசையைச் சிறிது சிறிதாக நிரப்பி, பழைய பூச்சின் மட்டத்துக்குச் சற்று மேலே வரும்வரை ஏற்ற வேண்டும். ஒரு நாள் கழித்து, சிறு கட்டையில் சுற்றிய 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர்களால் வரிசையாகத் தேய்த்து, கார்களுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றலாம். உற்றுப் பார்த்தால் தழும்பு தெரியத்தான் செய்யும். வாசிக்கிற கருவிக்கு அது குறையே அல்ல என்பது என் கருத்து.

பிரிட்ஜ் ஓரத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு காகிதம் நுழைந்தால், உரிந்தது பூச்சு மட்டுமல்ல, பிரிட்ஜே எழும்பத் தொடங்கிவிட்டது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். அந்த இடுக்கில் சூப்பர் குளூவை விட்டால் பின்னால் முறையாகக் கழற்றி ஒட்டுவது கடினமாகிவிடும்.

கேள்வி: என்னுடையது லாக்கர் பூசிய பழைய கிட்டார். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரே அடிக்கக் கொடுக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கொடுக்கலாம், மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதால் பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும்; ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாளொன்றின் நண்பகலே ஏற்றது. அதற்கு முன் சிலிக்கான் கலந்த பாலிஷ் எதையும் கிட்டாரில் தேய்க்காதீர்கள். தேய்த்த இடத்தில் புது லாக்கர் பரவாமல் குழிகுழியாக ஒதுங்கிவிடும். ரப்பர் பூண் வைத்த ஸ்டாண்டில் நிறுத்துவதும் லாக்கருக்கு ஆகாது.